பூச்சி விரட்டும் பூந்தோட்டம்



நம் விடுதியின் மேல்மாடித் தாழ்வாரத்தில் மாலை வேளையில் சற்று நடந்து பாருங்கள். சன்னலுக்குச் சன்னல் ஒரு தொட்டி இருக்கும். ஒன்றில் துளசி, ஒன்றில் புதினா, ஒன்றில் எலுமிச்சைப் புல், மற்றொன்றில் செண்டுமல்லி. "எதற்கு இது?" என்று கேட்டால், "கொசு வராது" என்று விடை கிடைக்கும். அவ்விடையைச் சொல்லும்போதே அந்த அன்பர் தம் முழங்கையில் அமர்ந்த கொசுவை அடித்துக்கொண்டிருப்பார்.

இதைச் சொல்லி நகைப்பது என் நோக்கமன்று. நகைக்கும் உரிமையும் எனக்கு இல்லை. ஏனெனில், இதே நம்பிக்கையை என் வீட்டு வாசலிலும் கொண்டுபோய் வைத்தவன் நான். அதன்பின் நோயில் விழுந்தவள் என் தங்கை. ஆகவே, செடிகளைக் கொண்டு பூச்சிகளை விரட்ட முடியுமா, முடியுமெனில் எவ்வாறு, எந்த அளவுக்கு என்பதைத் தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று ஆராய விரும்புகிறேன்.

தொட்டியும் தட்டும்

என் குடும்பம் போடியிலிருந்து மலையேறிய குடும்பம். குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். அம்மா காய் எடுக்கப் போவார். அப்பா மருந்து அடிக்கப் போவார். என் சின்னம்மாவோ பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவர். இடுக்கி மலையும் பாலக்காட்டுச் சமவெளியும் கேரளத்தின் இரு வேறு எல்லையோரங்கள். ஓரிடத்தில் ஏலமும் மிளகும் காப்பியும். மற்றோரிடத்தில் கணவாய்க் காற்றில் அசையும் தென்னையும் நெல்லும் காய்கறியும். இரண்டு இடத்திலும் தெருப்பேச்சு தமிழ்தான். பூச்சித் தொல்லையும் இரண்டு இடத்திற்கும் பொதுதான்.

இளங்கலை இறுதியாண்டு விடுமுறையில், சாலையோரத்து நாற்றுக்கடை ஒன்றில் "கொசு விரட்டிச் செடி" என்று எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். இலையைக் கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சை மணம் கமகமவென வந்தது. வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைத்து, "இனிமேல் கொசுவர்த்திக்குக் காசு கொடுக்க வேண்டாம் அம்மா" என்றேன்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். திண்ணை ஈரமாகாமல் இருக்கத் தொட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் வைத்தார்.

மழை பிடித்த இரண்டாம் வாரத்தில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வீடு திரும்பிய மறுநாள் ஆஷா பணியாளர் அக்கா ஒருவர் லயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். மூடியில்லாத தண்ணீர் டிரம்மைப் பார்த்தார். கொல்லையில் கிடந்த பாக்குப் பாளைகளைப் புரட்டினார். கடைசியில் என் தொட்டியைத் தூக்கினார். அடித்தட்டிலே தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"தம்பி, இது கொசு விரட்டுற செடி இல்லை, கொசு வளர்க்கிற செடி" என்றார் அவர்.

அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. தட்டைக் கவிழ்த்துவிட்டு, "செடி என்ன பண்ணும்? அது பாட்டுக்கு நிக்குது. நாமதான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

'அது பாட்டுக்கு நிற்கிறது' என்ற அந்தச் சொல்லை நான் பின்னர் நூலகத்தில் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நான் சொல்லப்போவது முழுவதும் அதற்குள்ளே அடங்கிவிடும்.

பூட்டி வைத்த மணம்

விலங்குக்குப் பகை வந்தால் ஓடும், அல்லது கடிக்கும். செடிக்கு ஓடக் கால் இல்லை. கடிக்கப் பல் இல்லை. நின்ற இடத்திலேயே அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அது ரசாயனம் சமைக்கிறது. நாம் மணம் என்றும் கசப்பு என்றும் காரம் என்றும் சொல்பவற்றுள் பெரும்பகுதி, செடி தன் பகைவருக்காகச் செய்துகொண்ட படைக்கலமே ஆகும்.

இப்படைக்கலத்தை அது வீணாக்குவதில்லை. துளசி இலையின் மேற்பரப்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், சிறு சிறு சுரப்பிகள் எண்ணெயை ஏந்தி நிற்பதைக் காணலாம். எலுமிச்சைப் புல்லில் எண்ணெய் இலைக்குள்ளே உள்ள உயிரணுக்களில் அடைபட்டிருக்கிறது. புழு கடிக்கும்போதோ, மாடு மேயும்போதோ, நம் விரல் கசக்கும்போதோ அச்சுரப்பிகள் உடைகின்றன, மணம் வெளிப்படுகிறது. கசக்கினால் மணக்கும் செடி, கசக்காதபோது ஏறக்குறைய மணப்பதே இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். நமக்கு எட்டாத மணம் கொசுவை மட்டும் எவ்வாறு விரட்டும்?

கொசு நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு, நம் உடல் வெப்பம், வியர்வையின் வாடை இம்மூன்றும் அதற்கு வழிகாட்டிகள். இவற்றை மறைக்க வேண்டுமானால், வெறுக்கத்தக்க ஆவி நம் தோலைச் சுற்றிப் போதிய அளவில் சூழ்ந்திருக்க வேண்டும். ஐந்தடிக்கு அப்பால் சன்னலில் நிற்கும் தொட்டியால் அது ஆகாது.

இது வெறும் ஊகம் அன்று. நான் வாங்கியதைப் போன்ற எலுமிச்சை மணமுடைய பெலர்கோனியம் செடி ஒன்று அமெரிக்காவில் 'கொசுச் செடி' என்ற பெயரில் பெரும் விளம்பரத்தோடு விற்கப்பட்டது. புளோரிடா மாநிலத்தில் அதைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அது கொசுக்களை விரட்டத் தவறியது என்று 1994-இல் எழுதினர். கானடாவில் நடந்த சோதனையும் அதே முடிவைத்தான் தந்தது. அது 1996-இல் வெளியாயிற்று.

ஆயினும் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கென்யாவில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பசுங்குடிலுக்குள் மாதிரிக் குடிசை அமைத்து, அதில் நாய்த்துளசி, உண்ணிச்செடி முதலியவற்றைத் தொட்டியோடு வைத்துப் பார்த்தனர். மலேரியாக் கொசுக்களுள் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்தன. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். எனினும் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்குக் கொசுக்கள் உள்ளே வந்தன அன்றோ! அவற்றுள் ஒன்று கடித்தாலும் காய்ச்சல் காய்ச்சலே.

புல்தைலம் கற்பிக்கும் பாடம்

பூட்டைத் திறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று நம் மலையிலேயே உண்டு. மூணாற்றுக்கு அப்பால், மறையூர், சின்னாறு மலைச்சரிவுகளில் எலுமிச்சைப் புல் தானாகவே வளர்கிறது. மலைவாழ் மக்கள் அதை அறுத்து, பெரிய கொப்பரையில் இட்டு, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைக் குளிரச் செய்து எண்ணெய் வடிக்கிறார்கள். இதுவே புல்தைலம். இது கொச்சித் துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால், உலகச் சந்தையில் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர் பெற்றது. இப்புல்லை ஆராய்வதற்கென்றே எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எண்ணெயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 'சிட்ரால்' என்னும் பொருள். எலுமிச்சை மணத்தைத் தருவது அதுதான்.

நூறு கிலோ புல்லை வடித்தால் அரைக் கிலோ எண்ணெய்க்குமேல் கிடைப்பது அரிது. இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். ஒரு தொட்டியில் இருப்பது ஒரு கைப்பிடிப் புல். அதிலுள்ள எண்ணெய் சில துளிகள். அத்துளிகளும் இலைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வடித்தெடுத்த எண்ணெயோ இருநூறு மடங்கு செறிவுடையது. அது பூச்சியை விரட்டவும் செய்கிறது. இலங்கையிலும் சாவாவிலும் பயிராகும் சிட்ரோனெல்லாப் புல்லின் எண்ணெயும் இத்தகையதே.

ஆனால், இதற்கும் ஒரு குறை உண்டு. எளிதில் ஆவியாவதால்தான் அது மணக்கிறது. எளிதில் ஆவியாவதால்தான் விரைவில் தீர்ந்தும் போகிறது. தோலில் தடவிய புல்தைலத்தின் காவல் ஓரிரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் இலையின் எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செய்யும் விரட்டி இதைவிட நீண்ட நேரம் நிற்கிறது. அமெரிக்கச் சுகாதாரத் துறையும் அதை ஏற்றுள்ளது. எனினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடவலாகாது என்றும் எச்சரிக்கிறது. வட்டவடைச் சரிவுகளில் விறகுக்காகவும் கூழுக்காகவும் நட்ட யூகலிப்டஸ் இனம் வேறு. அதன் இலையைப் பறித்துத் தேய்த்துக்கொண்டு பயனை எதிர்பார்க்க வேண்டாம்.

கசப்பின் ஆற்றல்

விரட்டுவது ஒரு வழி. வெறுக்கச் செய்வது மற்றொரு வழி. இதில் வேம்புக்கு ஈடில்லை.

1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கிப் பசுமை அனைத்தையும் தின்று தீர்த்தது. வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்முட்டரர் கண்டார். 1962-இல் தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்பவரும் அவர்தம் துணைவரும் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்தனர்; தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை. 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் அக்கசப்பின் கருப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 'அசாடிராக்டின்' என்பது அதன் பெயர்.

அது பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்ன வந்த பூச்சிக்குத் தீனியில் வெறுப்பை உண்டாக்குகிறது. மீறித் தின்ற புழுவின் உடலில் தோலுரிக்கும் ஒழுங்கைக் கெடுக்கிறது. அதனால் அப்புழு வளர்ச்சியடையாமல் மடிகிறது. ஆகவே, இன்று தெளித்து நாளைக் காலையில் செத்த புழுவைத் தேடுபவர் ஏமாந்து போவார். இலை மேலும் கடிபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

இங்கும் அதே பாடந்தான். தோட்டத்து மூலையில் வேப்பமரம் நிற்பதால் கத்தரியில் புழு வராமல் இருக்காது. முத்தைப் பொறுக்க வேண்டும், உடைக்க வேண்டும், ஊற வைக்க வேண்டும், தெளிக்க வேண்டும். முறை வருமாறு:

ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பமுத்தைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்க. தேவைப்படும்போது ஓட்டை நீக்கிப் பருப்பை இடித்துக்கொள்க. ஒரு லிட்டர் கரைசலுக்கு 50 கிராம் பருப்புத்தூள் வேண்டும். அதைத் துணியில் முடிந்து சிறிது நீரில் ஓர் இரவு ஊற வைத்து, காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்க்க. இலையில் ஒட்டுவதற்காக ஓரிரண்டு கிராம் காதி சோப்பைக் கரைத்து விடுக. வெயில் தணிந்த பின் இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்க. சூரிய ஒளி அசாடிராக்டினைச் சிதைக்கும். ஆதலால் காலை வெயிலில் தெளிப்பது வீண். பத்து நாளுக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பின்னும் மறுபடி தெளிக்க வேண்டும்.

வேம்பு வெப்பம் விரும்பும் மரம்; எங்கள் மலைக் குளிரில் செழிப்பதில்லை. கொழிஞ்சாம்பாறையிலோ வரப்பெல்லாம் வேம்பு. ஆகவே ஆண்டுதோறும் சின்னம்மா ஒரு பை வேப்பமுத்தைப் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பேருந்து மாறிக் கொண்டுவருவார். திரும்பும்போது ஏலக்காயும் மிளகும் கொண்டு போவார். இரண்டு எல்லைகளுக்கும் இடையே எங்கள் வீட்டுப் பண்டமாற்று இது.

விரட்டாமல் அழைப்பது

செண்டுமல்லியை நட்டால் பூச்சி ஓடிவிடும் என்று பலர் சொல்வார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. செண்டுமல்லி பூச்சியை அழைக்கிறது! அதனால்தான் அது பயன்படுகிறது.

தக்காளிக் காயைத் துளைக்கும் பச்சைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, தக்காளியைவிடச் செண்டுமல்லிப் பூவில் முட்டையிடுவதை விரும்புகிறது. இதை அறிந்து, பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு முறை வகுத்தனர். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் பூக்க வேண்டுமாதலால், 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நடச் சொன்னார்கள். அந்துப்பூச்சி பூவுக்குப் போகும். நாம் பூவிலுள்ள முட்டையையும் புழுவையும் அழிக்க வேண்டும். அழிக்காமல் விட்டால், விருந்துக்கு அழைத்து வீட்டையே ஒப்படைத்த கதையாகும்.

செண்டுமல்லியின் வேருக்கு வேறொரு குணம் உண்டு. அதிலிருந்து வரும் ஒரு பொருள் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களை ஒடுக்குகிறது. அவை பூச்சிகள் அல்ல. வேர் செய்யும் வேலையைப் பூவின் மணத்துக்கு ஏற்றிச் சொன்னதில்தான் இந்தத் தவறு பிறந்திருக்க வேண்டும்.

முட்டைக்கோசுக்குக் கடுகு இவ்வாறே தூண்டிலாகிறது. வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகின் மேல் மொய்க்கும். இருபத்தைந்து வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்பது கணக்கு. கோசு நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக ஒரு வரிசை. நட்ட இருபத்தைந்தாம் நாள் மற்றொரு வரிசை. கோசு பயிராகும் வட்டவடை, காந்தல்லூர்ப் பகுதியினருக்கு இது அறியத்தக்க முறை. சமவெளியில் நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் வரப்போரம் ஆமணக்கு நடுவதும் இதே கருத்தால்தான். புகையிலைப் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கின் அகன்ற இலையில் முட்டைக் குவியலை இடும். இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

விரட்டுவதையும் அழைப்பதையும் ஒன்றாக இணைத்தவர்கள் கென்யா நாட்டினர். அங்குள்ள பன்னாட்டுப் பூச்சி ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தோடு சேர்ந்து 1990-களில் ஒரு முறையை வளர்த்தது. மக்காச்சோளத்தின் நடுவே டெஸ்மோடியம் என்னும் பயறினச் செடி. வயலைச் சுற்றி நேப்பியர்ப் புல். தண்டுத்துளைப்பானை உள்ளே உள்ள செடி தள்ளுகிறது. வெளியே உள்ள புல் இழுக்கிறது. அந்த டெஸ்மோடியம் ஸ்ட்ரைகா என்னும் ஒட்டுண்ணிக் களையையும் அடக்கி, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. உயிருள்ள செடி நின்ற இடத்திலேயே பயன் தர வேண்டுமானால் இவ்வாறு வரிசையும் அளவும் காலமும் வகுத்து நட வேண்டும். மேசை மேல் ஒரு தொட்டி வைப்பது போதாது.

குதிருக்குள் இருந்த அறிவு

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். என் அம்மாச்சி விதைநெல்லைக் குதிரில் கொட்டும்போது உலர்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் அடுக்கடுக்காகப் பரப்புவார். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து இடையே போடுவார். நொச்சிமரம் வாசலில் நின்றாலே வண்டு வராது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. இலையை உலர்த்தினார், மூடிய இடத்தில் வைத்தார், ஆண்டுதோறும் மாற்றினார். மூடிய குதிருக்குள் மணம் செறிந்து நிற்கும். திறந்த வெளியில் காற்றோடு போய்விடும். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அளவையும் இடத்தையும் அறிந்திருந்தார். நாம் செடியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, செய்முறையை விட்டுவிட்டோம்.

எல்லை எது?

ஏலத்தோட்டம் முழுவதையும் வேப்பங்கரைசலால் காத்துவிடலாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஏலத்தின் இலைப்பேன் இலையுறைக்குள்ளும் பூங்கொத்துக்குள்ளும் ஒளிந்து வாழ்கிறது; தண்டுத்துளைப்பான் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தோட்டங்களில் மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. அப்பா மாலையில் வீடு வந்தால் சட்டையை வெளியே கழற்றிப் போட்டுக் குளித்த பின்னரே எங்களைத் தொடுவார். கண் எரிகிறது என்று சில இரவுகள் தூங்காமல் இருப்பார்.

மருந்துக்கு ஒரு விலை உண்டு என்பதைக் கேரளம் நன்கறியும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வான்வழியாக எண்டோசல்பான் தெளித்தார்கள்; 2000-இல்தான் அது நின்றது. 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அம்மருந்துக்குத் தடை விதித்தது. ஏலத்துக்கு மற்றோர் இழப்பும் உண்டு. ஏலப்பூ காயாவதற்குத் தேனீ வேண்டும். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் நஞ்சு தெளித்தால், காயைத் தருகிற தேனீயே மடியும். பாம்பாடும்பாறையிலும் மைலாடும்பாறையிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. காய்ந்த இலைகளையும் பழைய சருகுகளையும் காலத்தில் கழித்தாலே இலைப்பேன் ஒளியும் இடம் குறையும் என்பது அறிஞர் கூறும் முதல் பாடம். செடியைக் காக்கும் வேலை மருந்துக்கு முன்பே தொடங்குகிறது.

மறுபுறம், செடியிலிருந்து வந்தது எல்லாம் சாதுவானது என்று எண்ணுவதும் பிழை. புகையிலைக் கசாயத்திலுள்ள நிகோடின் கொடிய நஞ்சு. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்குப் புகட்டி உயிருக்கு ஆபத்து நேர்ந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. புல்தைலத்தை எண்ணெயில் கலந்து செறிவு குறைக்காமல் தடவினால் தோல் எரியும். வசம்பின் ஒரு பகுதிப்பொருள் விலங்குகளில் புற்றை உண்டாக்குவதாகக் கண்டுள்ளனர். ஆதலால் அதை விதைநெல்லோடு நிறுத்திக்கொள்வது நன்று. வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் கொசுவை ஓரளவு குறைக்கும். ஆனால் சன்னலை அடைத்த அறையில் அப்புகை நம் நுரையீரலையும் விடாது.

நாம் செய்யத்தக்கது

முடிவாக, விடுதித் தோழர்களுக்குச் சில சொற்கள்.

தொட்டிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. துளசியும் புதினாவும் இருக்கட்டும்; கண்ணுக்கும் மூக்கிற்கும் இனியவை. ஆனால் அடித்தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் நீரைக் கொட்டிக் காய விட்டால் அதன் வாழ்க்கைச் சங்கிலி அறுந்துவிடும். குளியலறை வாளி, மொட்டைமாடித் தொட்டி, எறிந்த தேங்காய்ச் சிரட்டை, குளிர்காற்றுப் பெட்டியின் நீர் இவை அனைத்தையும் பாருங்கள். அக்கொசு பகலில் கடிப்பது. ஆதலால் இரவு வலையை மட்டும் நம்பியிராமல், பகலில் உடலை மூடும் உடை உடுத்துங்கள்.

ஊருக்குப் போகும்போது வீட்டுத் தோட்டத்தில் ஒரு வரிசைத் தக்காளியின் ஓரம் செண்டுமல்லி நடுங்கள். ஆனால் தினமும் பூவைத் திருப்பிப் பாருங்கள். வேப்பமுத்துக் கிடைத்தால் ஊற வைத்துத் தெளியுங்கள். ஒரு செடியைப் பற்றி யாரேனும் "இது பூச்சியை விரட்டும்" என்று சொன்னால், மூன்று வினாக்கள் கேளுங்கள்: எந்தப் பூச்சியை? செடியின் எந்த உறுப்பு? என்ன செய்தால்? இம்மூன்றுக்கும் விடையில்லாத செடி, அழகுக்கு நிற்கும் செடி.

சென்ற விடுமுறையில் வீட்டிற்குப் போயிருந்தேன். லயத்துக் கொல்லையில் அம்மா அவரைப் பந்தல் போட்டிருக்கிறார். முன்பெல்லாம் தோட்டத்தில் மிஞ்சிய மருந்தை அப்பா அதற்கும் ஒரு கை அடித்துவிடுவார். இப்போது சின்னம்மா கொண்டுவந்த வேப்பமுத்தை ஊற வைத்துத் தங்கைதான் தெளிக்கிறாள். இலையில் சில ஓட்டைகள் இருக்கின்றன, காயும் இருக்கிறது. பறித்து அப்படியே சமைக்கலாம்.

வாசலில் என் பழைய எலுமிச்சை மணச் செடியும் நிற்கிறது. அதன் அடியில் தட்டு இல்லை. நான் அதைப் பார்ப்பதைக் கண்ட தங்கை, "ஞாயித்துக்கிழமைதோறும் டிரம்மைத் தேய்ச்சுக் கவுத்துறது நான்தான் அண்ணே" என்றாள்.